வரி விழுந்த எழுத்து

சுவரொட்டியைக் கிழித்த கையை முகர்ந்து பார்த்தார் தனகோட்டி. மைதாப் பசை புளித்து நாறியது. அந்த நாற்றத்தைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தாளில் இருந்த சமாசாரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

மஞ்சள் தாள், கறுப்பு மை. ஆளைக் கூப்பிட்டு நிறுத்துகிற தடித்த எழுத்து. ஓரமெல்லாம் சில்லு பெயர்ந்து, நடுநடுவே மை தேய்ந்து, கையால் எழுதி நாலு மழை பார்த்தது போல ஒரு முரட்டு அழகு. கபடிப் போட்டிக்கு, சர்க்கஸுக்கு, புதுப் பரோட்டாக் கடைக்கு எழுதியிருந்தால் போகிற சைக்கிளெல்லாம் நின்று படிக்கும். அந்த எழுத்தில் எவனோ ஒருத்தன் ஒரு பெண்ணை நடுத்தெருவில் இழுத்து விட்டிருந்தான்.

‘ஓலை கேட்ட ஜனங்களே!’ என்று ஆரம்பித்து, ‘ஏஞ்சலின் ஏற்கெனவே ஒருவனோடு குடித்தனம் நடத்திக் கலைத்தவள்’ என்று போய், அதற்குக் கீழே இன்னும் ஆறு வரி. அந்த ஆறு வரியை இங்கே எழுதுவதாக இல்லை. அச்சடித்தவனுக்குக் கூசாதது நமக்குக் கூசுகிறது.

“தூ!” என்றாள் செல்லக்கிளி. “இவன் வாயில மைன்ஸ் மண்ணு மொத்தத்தையும் கொட்டுனாலும் ரொம்பாது சார்.”

குள்ளஞ்சாவடிக்காரி. பத்து வருஷம் சுரங்கக் கேன்டீனில் காண்ட்ராக்ட் வேலை பார்த்து, காண்ட்ராக்ட் போனதும் தனகோட்டியிடம் வந்து சேர்ந்தவள். தனகோட்டி செக்யூரிட்டி வேலையை விட்டுவிட்டு மந்தாரக்குப்பத்தில் மாடி அறை பிடித்துத் துப்பறிகிறவர். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அவள் ஒன்பது பேசுவாள். அந்த ஒன்பதில் ஒன்று வழக்கை முடித்துவிடும் என்பதால் மற்ற எட்டையும் அவர் பொறுத்துக்கொள்வார்.

இந்தத் தடவை கைவசம் இருந்தது ஒரே ஒரு பகல். இன்று சனிக்கிழமை. கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஃபாதர் பெண் மாப்பிள்ளை பேரைப் படித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பேர். ஏஞ்சலினுக்கும் ஆரோனுக்கும் இரண்டு ஓலை முடிந்திருந்தது. இரண்டாவது ஓலைக்கு மறுநாள் விடிந்தபோது டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காக இந்த மஞ்சள் அசிங்கம். நாளைக் காலைப் பூசைக்குள் ஆள் யாரென்று தெரியாவிட்டால் மூன்றாவது ஓலையை நிறுத்தச் சொல்லிவிடுவேன் என்று ஆரோனின் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

தனகோட்டி கையைக் கழுவ ஏஞ்சலின் வீட்டுப் பின்கட்டுக்குப் போனார். வழக்கமான சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸ்தான். குழாய், துணி துவைக்கிற கல், முருங்கை, ஒரு கோழிக்கூண்டு. கூண்டுக்கு மேலே துருப்பிடித்த இரும்புத் தகடு ஒன்று கூரையாகக் கவிழ்ந்து கிடந்தது.

“கோழிக்கு இவ்ளோ கனமான கூரையா?” என்றார் பேச்சுக்கு.

“அவரு சாமான் சார், தூக்கிப் போட மனசு வரல. மழை படாம நான்தான் கவுத்து வச்சேன்,” என்றாள் அன்னமேரி, ஏஞ்சலினின் அம்மா. கணவர் கிறிஸ்துதாஸ் ஆறு வருஷம் முன்பு சர்வீஸில் இருக்கும்போதே இறந்தவர். கூடத்தில் பழைய தையல் மெஷின் மேல் அவர் படம் இருந்தது. வேலைக்கு வருவதற்கு முன் மேல்பட்டாம்பாக்கத்தில் தையல்காரராம். அவர் போன பிறகு வாரிசு வேலை ஏஞ்சலினுக்குக் கிடைத்தது. ஸ்டோர்ஸில் கிளார்க், பெர்மனன்ட். இந்தக் குவார்ட்டர்ஸும் அவள் பேரில்தான்.

காபி கொடுத்தாள் அன்னமேரி. நல்ல டிகாக்‌ஷன், கமகமவென்று இருந்தது. தனகோட்டி ரசித்துக் குடித்தார்.

“பாக்கக் கூடாத கண்றாவி சார்! ஒவ்வொரு வரியா படிச்சிக்கினு நின்னேன், அடிவயிறு பத்திக்கினு எரிஞ்சிது. கல்யாணம் முடிஞ்சி ஆரோன் தம்பி குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தா எம்பொண்ணு மகராசியா இருந்திருப்பா.”

ஏஞ்சலின் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு வயது. அழுது முடித்துவிட்ட முகம்.

“பேர் மட்டும் கண்டுபிடிச்சிக் குடுங்க சார். அப்புறம் நான் பார்த்துக்கறேன்,” என்றாள்.

முன்னறையில் கம்ப்யூட்டர் போட்டு டி.டி.பி. வேலை செய்கிற தம்பி ஆல்பின் எழுந்து வந்தான். அக்காவை விட நாலு வயது சின்னவன். ஐந்து நாளாகத் தெருத் தெருவாகப் போஸ்டரைக் கிழித்ததில் நகக்கண்ணெல்லாம் பசை.

“இது பெயின்டர் துரைராஜ் கை சார். அக்காவைக் கட்டிக்கிறேன்னு ஒரு காலத்துல கேட்டு வந்தவன். ஊர்ல தடிச்ச எழுத்துன்னா அவன்தான்.”

“கம்ப்யூட்டர் எழுத்தா இருக்குமோ?”

“சான்ஸே இல்ல சார். என்கிட்ட முந்நூறு ஃபான்ட் இருக்கு, எதுலயும் இது இல்ல. பக்கா கையெழுத்து.”

துரைராஜின் கொட்டகைக்குப் போனபோது அங்கே ஒரு போரே நடந்து முடிந்திருந்தது. ஏணி இரண்டாக உடைந்து கிடந்தது. பெயின்ட் டப்பாக்களை யாரோ காலால் எத்தியிருந்தார்கள். சிவப்பும் நீலமும் மண்ணில் ஓடிக் காய்ந்திருந்தன. துரைராஜ் உதடு வீங்கி உட்கார்ந்திருந்தான்.

“வாங்க சார். நீங்களும் ரெண்டு போடுங்க.”

“நீ எழுதினியா?”

“நானா? அவங்க வூட்டுல கேட்டேன், இல்லன்னாங்க, வந்துட்டேன். அதோட முடிஞ்சிது. இப்ப எனக்கு ரெண்டு புள்ளைங்கோ சார்.” போஸ்டரை வாங்கித் தொடையில் விரித்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். வீங்கிய உதட்டோடு சிரித்தான். “சார், மொதல்ல இது பிரஷ்ஷே இல்ல.”

“எப்படிச் சொல்ற?”

“பிரஷ் காஞ்சா வெள்ளைக்கோடு வுழும், சரிதான். ஆனா அது பிரஷ் போற பக்கமே போவும். கீழ இழுத்தா கீழ, சுழிச்சா சுழிச்சிக்கினு. இந்த ‘ல’வப் பாருங்க. எழுத்து வளைஞ்சி வளைஞ்சி போவுது, கோடு மட்டும் பாய் போட்டுப் படுத்துக்கினு கெடக்குது. மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணு. எந்த பிரஷ் சார் இப்டிப் படுக்கும்?”

செல்லக்கிளி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“இந்த ‘ன’வுக்கு மூக்குல ஒரு சில்லு பேந்திருக்குது சார். இதுக்கும் பேந்திருக்குது. இதுக்கும்… அட, எல்லா ‘ன’வும் ஒரே எடத்துல முட்டிக்கினு வந்திருக்குதே!”

தனகோட்டி எண்ணிப் பார்த்தார். பதினோரு ‘ன’. பதினோரு மூக்கிலும் அதே சில்லு. எழுதுகிற கை ஒரே எழுத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுதாது. இது கம்ப்யூட்டருக்குள்ளே போட்டு வைத்த எழுத்து. ஒரு தடவை எழுதியதைப் பிடித்து, திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறான்.

“அப்ப ஆல்பின் தம்பி கையெழுத்துன்னு சத்தியம் பண்ணுச்சே?” என்றாள் செல்லக்கிளி.

“கவலையில கண்ணு தெரியல போல,” என்றார் தனகோட்டி. அப்போது அவருக்கும் தெரியவில்லை.

பஜாரில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கும் ராஜேந்திரன் போஸ்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். மார்க்கெட்டில் கிடைக்கிற எழுத்து இல்லை, யாரோ பெயின்ட் எழுத்தைப் படம் எடுத்து, ஸ்கேன் பண்ணி, சொந்தமாகச் செய்திருக்கிறார்கள் என்றான். “ஆறு மாச வேலை சார். ஆனா பிரமாதமான எழுத்து. வித்தா சினிமா போஸ்டர் போடறவங்க அள்ளிக்கினு போவாங்க.”

பிரமாதமான எழுத்து! தனகோட்டி போஸ்டரை வெடுக்கென்று வாங்கிச் சுருட்டினார்.

மணி ஒன்று. பஜார் மத்தியானச் சாப்பாட்டுக்கு மூட ஆரம்பித்தது. கடகடவென்று ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கியது.

“நம்ப வயித்தையும் கொஞ்சம் தொறந்து மூடலாம் சார். காலையில குடிச்ச காபி உங்களுக்கு மட்டுந்தான், எனக்கு யாரும் நீட்டல.”

தனகோட்டி எதிரே இறங்கிய ஹார்டுவேர் கடை ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் பெரிதாகக் கடையின் பெயர் எழுதியிருந்தது. தினமும் சுருட்டி இறக்கியதில் பட்டைக்குப் பட்டை முட்டும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து, எழுத்துக்குக் குறுக்கே வெள்ளைக்கோடாக ஓடியது. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று.

“செல்லக்கிளி! பாய் போட்டுப் படுத்திருக்கிற கோடு!”

அவள் வாயைப் பிளந்தாள். “ஷட்டரு!”

அந்த எழுத்து ஏதோ ஒரு ஷட்டரில் பிறந்தது. ஷட்டரைப் படிக்கக் கடை மூடியிருக்கிற நேரம்தான் தோது. இரண்டு பேரும் கொளுத்துகிற வெயிலில் பஜார் முழுக்க நடந்தார்கள். பாதி ஷட்டரில் சோப்பு விளம்பரம், பாதியில் பனியன் விளம்பரம். எதிலும் அந்த ‘ல’ இல்லை.

“நாப்பது ஷட்டருக்குக் கும்பிடு போட்டாச்சு, ஒண்ணும் வரம் குடுக்கல,” என்று டீக்கடை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள் செல்லக்கிளி. போஸ்டரை விசிறியாக்கி விசிறினாள். விசிறியவள் சட்டென்று நிறுத்தினாள்.

“சார், இந்த ‘ப’வுக்குக் கோடே இல்ல.”

“என்னது?”

“‘ட’வுக்கும் இல்ல. சும்மா மொளகாத்தூள் தூவுன மாதிரி பொடிப்பொடியா இருக்குது. ‘ல’வுக்கு இருக்குது. ‘க’வுக்கு இருக்குது.”

தனகோட்டியின் முதுகு நிமிர்ந்தது. “ஒரு ஷட்டர்ல எத்தனை எழுத்து இருக்கும்? எல்லா எழுத்தும் இருக்காது. இருந்ததை எடுத்துக்கிட்டான். இல்லாததைத் தானே வரைஞ்சி, பொடி தூவி ஒப்பேத்தியிருக்கான். கோடு இருக்கிற எழுத்தை மட்டும் பொறுக்கினா…”

“ஷட்டர்ல என்னா எழுதியிருந்துச்சின்னு ஷட்டர் இல்லாமலே படிச்சிரலாம்!”

டீக்கடைக்காரரிடம் கத்தரிக்கோல் வாங்கி, போஸ்டரைத் துண்டு துண்டாக நறுக்கினாள் செல்லக்கிளி. அந்தத் தாளை நறுக்குவதில் அவளுக்கு ஒரு தனி திருப்தி இருந்தது. கோடு உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை ஒரு பக்கம். இரட்டை இரட்டையாக வந்ததை ஒதுக்கினால் மிஞ்சியது ஒன்பதே ஒன்பது எழுத்து. பெஞ்சில் பரப்பினார்கள்.

ஞ, த, ச, ம, ஏ, ல, ய, ன, க.

“‘ஏ’வுல ஆரம்பிக்கிற கடை ஏது?” என்று தனக்குள் முனகிய தனகோட்டி, ‘ஏ’வை முன்னால் நகர்த்தினார். ‘ஞ’வை அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு ‘ச’. அவர் கை அப்படியே நின்றது.

செல்லக்கிளி மீதியை மெல்ல நகர்த்தினாள். ல. ன.

ஏஞ்சலின்.

பெஞ்சில் மிச்சமிருந்த எழுத்து த, ய, க, ம. ‘ல’வை இன்னொரு தடவை கடன் வாங்கினால் போதும். கூடத்துத் தையல் மெஷின் தனகோட்டியின் கண்முன் வந்தது. ஏஞ்சலின் தையலகம்.

“அப்பங்காரன் பொண்ணு பேரை எழுதுன எழுத்து சார்,” என்றாள் செல்லக்கிளி. அவள் குரலில் கேலி சுத்தமாக வற்றியிருந்தது. “அதையே எடுத்து… சீ! இதுக்கு மேல ஒரு கேடு உண்டா?”

தனகோட்டி எழுந்து டீக்கடை ஓரத்தில் காறித் துப்பினார். கோழிக்கூண்டுக்குக் கூரை எதற்கு அவ்வளவு கனம் என்று இப்போது தெரிந்தது.

அவர்கள் போனபோது ஆல்பின் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். ஏஞ்சலின் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தனகோட்டி நேராகப் பின்கட்டுக்கு நடந்தார். செல்லக்கிளி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடித்து இரும்பைத் தூக்கிப் புரட்டினார்கள். கோழிகள் கத்திக்கொண்டு சிதறின.

உள்பக்கம் சிவப்பு பெயின்ட். மூக்கில் சில்லு பெயர்ந்த ‘ன’. பாய் போட்டுப் படுத்திருந்த மூன்று கோடுகள். ‘ஏஞ்சலின் தையலகம்.’

“அப்பா எழுத்து,” என்றாள் ஏஞ்சலின். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. “சார்… அந்தப் போஸ்டர்…”

“நீங்க கவனிக்கலையா?”

“என் பேருக்கு மேல கண்ணு போகல சார். கிழிச்சிப் போட்டுட்டேன்.”

ஆல்பின் வாசற்படியில் நின்றிருந்தான். ஓடப் பார்க்கவில்லை.

“பதினோரு ‘ன’ ஒரே அச்சுல இருக்கிறதை கேன்டீன்ல வேலை பார்த்தவங்க கண்டுபிடிச்சிட்டாங்க,” என்றார் தனகோட்டி. “எந்நேரமும் எழுத்தோடயே குடியிருக்கிறவனுக்குத் தெரியலையா தம்பி? கடை ஃபான்ட்ல அடிச்சா முதல்ல டி.டி.பி. காரனைத்தான் கேப்பாங்க. கையெழுத்து மாதிரி இருந்தா பெயின்டரை உதைப்பாங்க. அதானே கணக்கு?”

“அந்த வேலை எனக்கு வந்திருக்கணும் சார்,” என்றான் ஆல்பின். “அப்பா செத்தப்ப எனக்குப் பதினேழு வயசு. ஒரு வருஷம் பொறுத்திருந்தா எனக்குத்தான். இதுக்கு வேலை, இதுக்கு வூடு, அன்னிக்குக் கடைக்கும் இது பேருதான். இப்ப இது கட்டிக்கினு போவும். மாப்பிள்ளையும் பெர்மனன்ட், இதுவும் பெர்மனன்ட், ரெண்டு பேருக்கும் ஒரு குவார்ட்டர்ஸ்தான். இந்த வூட்டைக் கம்பெனிக்கு ஒப்படைக்கணும். நாங்க எங்க போறது?”

“அதுக்காக அக்காவைப் பத்தி அப்படி எழுதுவியா?”

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, நம்பவே முடியாத ஒரு ஆவலோடு கேட்டான். “ராஜேந்திரன் பார்த்தாரா சார்? எழுத்து எப்படி இருக்குன்னார்?”

“தம்பி,” என்றாள் செல்லக்கிளி, “கோழிப்பீய வழிக்கிற தகரம் எங்கன்னு சொல்லு. உனுக்குச் சான்றிதழ் எழுதணும்.”

அன்னமேரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். ஏஞ்சலின் அம்மா தோளில் கை வைத்தாள். “அழாதம்மா. உனக்கெப்படித் தெரியும்?”

தனகோட்டி வேறு பக்கம் பார்த்தார். இதைச் சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். பேர் மட்டும் கொடுங்கள் என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள். பேர் இரண்டு.

“ஒவ்வொரு வரியாப் படிச்சேன்னு காலையில சொன்னீங்க அம்மா,” என்றார். “மழையில எழுத்து அழியக் கூடாதுன்னு இதைக் கவுத்துப் போட்டதும் நீங்கதான். புருஷன் எழுத்து உங்களுக்கா தெரியாது?”

அன்னமேரி ‘இல்லை’ என்று சொல்வாள் என்று ஏஞ்சலின் காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

“பாத்தவொடனே தெரிஞ்சிது,” என்றாள் அன்னமேரி. “என்னா பண்ணச் சொல்ற? நீ போயிட்டா நாங்க நடுரோட்டுல நிக்கணுமா? கல்யாணம் நின்னா இன்னொண்ணு வரும்டி. வூடு போனா வருமா?”

ஏஞ்சலின் அம்மா தோளிலிருந்து கையை எடுத்தாள்.

“ஆரோன் குவார்ட்டர்ஸ்ல பின் ரூமை வெள்ளையடிச்சி வச்சிருக்காரும்மா. உனக்குன்னு. தம்பி கம்ப்யூட்டர் வைக்க வராண்டாவை அடைச்சிக் குடுக்கறேன்னார். மூணாவது ஓலை முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்.”

அன்னமேரியின் கை மகளைத் தேடி நீண்டது. ஏஞ்சலின் தள்ளி நின்றாள். ஆல்பினைப் பார்த்துச் சொன்னாள்: “நாளைக்குப் பூசைக்கு முன்னாடி ஆரோன் அப்பா கிட்ட நீயே வந்து சொல்லணும். அப்புறம் துரைராஜ் கிட்ட. அங்க உதை வுழுந்தா வாங்கிக்கோ.”

தனகோட்டி குழாயடிக்குப் போனார். குழாயைத் திறந்து கையைக் கழுவினார். சோப்பு போட்டு இரண்டாம் தடவையும் கழுவினார். பசை எப்போதோ போயிருந்தது.

ஏஞ்சலின் குனிந்து ஷட்டரின் ஒரு முனையைப் பிடித்தாள். “செல்லக்கிளிக்கா, அந்தப் பக்கம் பிடிங்க. ஆரோன் வீட்டுக்கு ஒரு ட்ரைசைக்கிள் பேசணும்.”

இரண்டு பேரும் தூக்கினார்கள். கூண்டு திறந்து கிடந்தது. கோழிகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன.

“அதையும் எடுத்துக்கினு போறியே,” என்றாள் அன்னமேரி, வேறு எதுவும் சொல்ல வராமல். “கோழிங்கோ எங்கடி அடையும்?”

ஏஞ்சலின் திரும்பிப் பார்க்கவில்லை.

“வூட்டுக்குள்ளயே அடைச்சிக்கோம்மா. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் சாவியை நான் ஒப்படைச்சிடுவேன்.”